மாடியில் கஸ்தூரி இல்லை

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஷெரின் டீச்சர் போன வாரம் பல்லாவரத்தில் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. பள்ளிக்கூடத்து மாடிப்படிக்குக் கீழே கிடந்ததாம். திறந்து காட்டினார். உள்ளே மர வில்லைகள். ஒவ்வொன்றிலும் நீல பெயிண்டில் ஒரு ருமேனியப் பெயர். மேலே கயிறு கோர்க்க ஓட்டை.

"செம ஐடியாக்கா இது. ஏன் நிறுத்துனீங்க? நான் திரும்ப ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். வேற பேர் இருந்தா ஸ்டூடண்ட்ஸ் கூச்சப்படாமப் பேசுவாங்க."

பேசுவார்கள். அது உண்மைதான்.

"இந்த எலெனா மட்டும் தனியா ஒரு கவர்ல சுத்தி வெச்சிருக்கு. அது யாருக்கா?"

டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நின்றபடி சொல்லும் விஷயம் இல்லை அது. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் டீச்சர் திருத்திக்கொள்ளட்டும்.

என் பெயர் சகாயம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தோல் கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைத்தேன். கண் மங்கியது. தையல் கோணியது. அனுப்பிவிட்டார்கள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மொழிப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள், கதவில் உட்கார ஆள் வேண்டும் என்று சர்ச்சில் ஒருவர் சொன்னார். போனேன். முட்டி தேயும்வரை அங்கேதான் இருந்தேன்.

அது ருமேனிய மொழி சொல்லிக்கொடுக்கும் இடம். கட்டணம் கிடையாது. அந்த நாட்டு அறக்கட்டளை ஒன்று நடத்தியது. அந்த ஊரில் முன்பு கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி. ஆட்சி விழுந்த பிறகு அந்த அறக்கட்டளை ஊர் ஊராக இங்கிலீஷ், ஜெர்மன் பள்ளிக்கூடங்கள் திறந்ததாம். படித்த பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட்டார்கள். ஷூ கம்பெனியில் தைக்க ஆள் இல்லை. அதனால் அதே அறக்கட்டளை இங்கே வந்து, குரோம்பேட்டை, பம்மல், அனகாபுத்தூர் பக்கம் வேலை இழந்த தையல் பெண்களுக்குத் தங்கள் மொழியைச் சொல்லிக்கொடுத்தது. கடைசிப் பரீட்சையில் தேறினால் அங்கே வேலை. தேறாவிட்டால் அந்த இடம் வேறு ஒருத்திக்கு. இரண்டாம் முறை எழுத விடமாட்டார்கள்.

பள்ளிக்குத் தலைமை ஒரு ருமேனிய அம்மாள். பெயர் வியோரிகா. நாங்கள் தோம்னா என்போம். அவர்கள் ஊரில் மேடம் என்பதற்கு அதுதான் சொல். நல்ல உயரம். கவுன் பாக்கெட்டில் எப்போதும் சாக்பீஸ். நகம் கரும்பலகையில் உரசும்வரை ஒரே துண்டில் எழுதுவார். கத்தமாட்டார். யாராவது கத்தினால் அவர் குரல் இன்னும் இறங்கும்.

தமிழை என்னிடம்தான் பிடித்தார். என் தமிழ்தான் வரும். "இன்னா அக்கா, டீ கீதா?" என்பார். மின்சாரம் நின்றால் மாடியிலிருந்து, "அக்கா, கரண்ட் பூட்ச்சு!" வாடகை வாங்க வரும் கட்டிட ஓனர் அதைக் கேட்டு ஒரு நாள் வாயில் இருந்த காபியைத் துப்பிவிட்டார்.

வில்லைகள் அவர் கொண்டுவந்த பழக்கம். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். படிக்க வருகிறவள் செருப்பைக் கழற்றவேண்டும். போனை அணைத்து, கதவோரம் இருக்கும் பெட்டியில் போடவேண்டும். ஆணியிலிருந்து தன் வில்லையை எடுத்துக் கழுத்தில் மாட்டவேண்டும். அதற்கப்புறம் மாலை வரை அவள் யோவானா, மிஹேலா, எலெனா. கதவைத் தாண்டினால் தமிழ்ப் பெயர் கிடையாது. நானும் கேட்கக்கூடாது. மேலே தோம்னா ஆஜர் கூப்பிடுவார். "யோவானா?" "ப்ரெஸெந்தா." வந்திருக்கிறேன் என்று பொருள். கீழே உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

எனக்கும் ஒரு வில்லை செய்துகொண்டு வந்தார். மரியா.

"வேணாம் தோம்னா. கீழ ஒருத்தியாவது ஊர்ப் பேரோட இருக்கணும்ல."

சிரித்தார். அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வில்லை வேலை செய்தது. அதையும் சொல்லவேண்டும். மிஹேலா என்று ஒரு விதவைப் பெண். என்னிடம் டீ வேண்டும் என்றுகூட வாய் திறந்து சொல்லமாட்டாள். தலையாட்டுவாள். மேலே போனால் தோம்னாவோடு சண்டை பிடிப்பாள். ருமேனிய மொழியில். சப்தம் தெருவுக்குக் கேட்கும். இறங்கி வந்து வில்லையை ஆணியில் மாட்டுவாள். மறுபடி ஊமை.

முதல் வகுப்பில் எல்லா பேட்ச்சிலும் ஒரே சிரிப்பு இருக்கும். ருமேனிய மொழியில் அம்மாவை மாமா என்பார்கள்.

ஏன் இந்தப் பழக்கம் என்று ஒரு நாள் சமையலறையில் தோம்னாவைக் கேட்டேன். அவர் முதலில் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சத்தமாகக் கொட்டியது. நான் மூடினேன். அவர் திறந்தார்.

"தோம்னா, லாரித் தண்ணி அது. இன்னாத்துக்கு வேஸ்ட் பண்றீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சின்ன வயதில் வீட்டில் யாராவது முக்கியமாக எதையாவது பேசவேண்டுமென்றால் குழாயைத் திறந்துவிடுவார்களாம். சுவருக்கு அந்தப் பக்கம் யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. கேட்டதைப் போலீஸுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அப்பா அம்மாகூட அப்படித்தான் பேசினார்களாம். ஆட்சி போன பிறகும் அவருக்குச் சத்தமாகப் பேச வரவில்லை. அறக்கட்டளையின் இங்கிலீஷ் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு மார்கரெட் என்று பெயர் வைத்தார்கள்.

"மார்கரெட்டுக்கு பயம் இல்ல, அக்கா. மார்கரெட் மேல எந்த ஆபீஸ்லயும் பேப்பர் இல்ல. மார்கரெட் தப்பு பேசினா, தப்பு மார்கரெட்டோடது. நான் அங்கதான் மொத மொத பேசினேன்."

அன்றிலிருந்து நான் வில்லைப் பலகையைத் தினமும் துடைத்தேன்.

எலெனா ஒரு மழைக்காலத்து பேட்ச்சில் வந்தாள். ஒல்லி. கட்டை விரலில் ஊசி ஏறிய தழும்பு. பார்த்ததும் தையல்காரி என்று தெரிந்தது. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், இரண்டு பெண் குழந்தைகள், தன் அம்மாதான் பார்த்துக்கொள்கிறாள் என்று டீ குடிக்கும்போது சொன்னாள். வீடு எங்கே, பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை.

"அம்மா இல்லன்னா நான் இங்க வந்து குந்த முடியுமாக்கா?" என்று மட்டும் அடிக்கடி சொல்வாள்.

வகுப்பில் அவள் சுமார்தான் என்று தோம்னா சொல்வார். தப்பு இல்லாமல் ஒரு வரி வராது. ஆனால் நிறுத்தமாட்டாள்.

பரீட்சை நாளுக்குத் தனி முறை. அங்கிருந்து இருவர் வருவார்கள். ஒரு பெரியவர், ஒரு பெண். கேள்வித்தாள் உறையை எல்லார் முன்னாலும் பிரிப்பார்கள். மாடிப்படியின் குறுக்கே நான் சிவப்புத் துணி கட்டிய கயிறு போடுவேன். கட்டிய பிறகு யாரும் ஏறக்கூடாது. இறங்கினால் திரும்ப ஏறக்கூடாது. நடுவில் எழுந்தால் பரீட்சை முடிந்தது. பேச்சுப் பரீட்சைக்கு ஒவ்வொருத்தியாக மேஜை முன் உட்காரவேண்டும். தோம்னா தாளில் இருக்கும் கேள்விகளை வரிசையாகக் கேட்பார். வந்த இருவரும் மார்க் போடுவார்கள். அன்று இரவே அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள்.

அன்று கரண்ட் இல்லை. மேலே ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள்.

ஒரு ஷேர் ஆட்டோ வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் இறங்கினான். வளர்ந்த ஆள். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"யக்கா, கஸ்தூரிய கூப்புடு."

"யாருப்பா நீ?"

"அதோட தம்பி. எம்பேரு டில்லி. சீக்கிரம் கூப்புடுக்கா."

"கஸ்தூரின்னு இங்க யாரும் இல்லியேப்பா."

"இங்கதான் பாஷை படிக்குது. எங்கயோ வெளிநாட்டு பாஷை."

"இந்தத் தெருவுல எல்லா மாடியிலயும் வெளிநாட்டு பாஷைதான். அந்தக் கடைசில ஜெர்மன் கீது. பேங்க்கு மேல ஜப்பான் கீது. எது?"

அவனுக்குத் தெரியவில்லை. தலையைச் சொறிந்தான். இரு, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். கயிறு கட்டியிருந்தது. அவன் என்னைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான். தெருவில் இறங்கி அண்ணாந்து நின்றான். இரண்டு கையையும் வாயில் வைத்துக் கத்தினான்.

"கஸ்தூரீ! அம்மா பூட்ச்சு! எறங்கி வாம்மே!"

எதிரே ஜெராக்ஸ் கடைக்காரர் வெளியே வந்தார். தெருவே நின்றது.

"கஸ்தூரீ! அம்மா பூட்ச்சுடீ!"

மேலே நாற்காலி நகரும் சத்தம் இல்லை. ஜன்னலில் ஒரு தலை இல்லை. யாரோ ஒருத்தி ருமேனிய மொழியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நிறுத்தி நிறுத்தி.

அவன் மூன்றாம் தடவை கூப்பிடவில்லை. என்னிடம் வந்தான். முகம் நனைந்திருந்தது.

"நெஜமாவே இல்லியாக்கா?"

"இருந்தா இதக் கேட்டுகினு உக்காந்துருப்பாளாப்பா?"

அவனுக்கு அது சரியாகப் பட்டது. எனக்கும்தான். பெத்தவள் செத்தாள் என்று தெருவில் நின்று தம்பி கத்துகிறான். கேட்டு ஒருத்தி எழாமல் இருப்பாளா? இல்லை. ஆகவே மேலே கஸ்தூரி இல்லை. ஜெர்மன் மாடிக்கு வழி காட்டினேன். ஓடினான்.

பரீட்சை முடிந்து ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். சிலர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. எலெனா கடைசியில் வந்தாள். வில்லையைக் கழற்றினாள். ஆணியில் மாட்டினாள். கோணலாகத் தொங்கியது. நேராக்கினாள். பெட்டியில் இருந்து போனை எடுத்தாள். ஆன் செய்யவில்லை. செருப்பைப் போட்டாள்.

"யக்கா, எந்தப் பக்கம் போனான்?"

"யாரு?"

"எந்தம்பி."

நான் நாற்காலியில் இருந்து எழுந்தேன்.

"நீயா கஸ்தூரி?"

"ஆமாக்கா."

"நீ கேட்டியாடி?"

"காது கீதே. கேட்டுச்சு."

"அடிப்பாவி. எழுந்து வரலியாடி நீ?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. அழுகை இல்லை.

"அம்மா இனிமே எங்கக்கா போவப்போவுது? மேல வந்துக்கறாங்களே, அவுங்கதான் நைட்டு பிளைட்டு ஏறிடுவாங்க."

தோல் கம்பெனியில் ஒருத்தியின் விரல் மெஷினில் போனதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளத்தில் மிதந்து வந்த ஆளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

பின்னாலேயே தோம்னா இறங்கி வந்தார். வந்தவர்களை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். விரல்களில் சாக்பீஸ் தூள்.

"அக்கா, ஆட்டோ."

மூவரும் ஏறினோம். அனகாபுத்தூர் என்றாள். பம்மல் தாண்டியது. பிறகு அவள் தமிழில் கேட்டாள்.

"நான் பாஸா, தோம்னா?"

முடிவை அன்று சொல்லக்கூடாது. அது விதி. தோம்னா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்."

"வூட்டுக்குப் போயிட்டா கேக்க முடியாது. அதான் கேட்டேன்."

அவள் வீடு ஆற்றோரத்துச் சந்தில் இருந்தது. ஆட்டோ நுழையாது. நடந்தோம். வாசலில் சாமியானா கட்டியிருந்தார்கள். உள்ளே ஐஸ் பெட்டியில் அம்மா. நெற்றியில் பெரிய பொட்டு. காலையில் பேத்திகளுக்குத் தோசை ஊற்றிக்கொண்டே சாய்ந்தாளாம். குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. டில்லி மூலையில் உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் அத்தைக்காரி ஆரம்பித்தாள்.

"வந்துட்டாடி மகாராணி! பெத்தவ வாயப் பொளந்துகினு கெடக்கறா, இவ ஃபாரின் பாஷை படிச்சுகினு வெள்ளைக்காரிய இட்டுகினு வரா. ஒரு பொட்டுத் தண்ணி கண்ணுல கீதா பாரு!"

இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் கஸ்தூரி நின்றாள். கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, வகுப்பில் ஆஜர் சொல்ல நிற்பார்களே, அந்த மாதிரி. பெரிய பெண் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கஸ்தூரி குனியவில்லை. பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

தோம்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் அருகில் போனார். தோளில் கை வைத்தார். அவருக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெயரைச் சொன்னார். இத்தனை மாதத்தில் முதல் தடவை. மெதுவாக, எழுத்துக் கூட்டுவதுபோல்.

"கஸ்... தூ... ரி."

அவள் நிமிர்ந்தாள்.

"ப்ரெஸெந்தா."

சத்தமாக. தெளிவாக. ஆஜர் சொல்வதுபோல்.

சொன்ன பிறகுதான் அவளுக்குக் காதில் விழுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் பெரிதானது. ஐஸ் பெட்டியைப் பார்த்தாள், அப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல். அப்படியே தரையில் சரிந்தாள். பிறகு அவளிடமிருந்து வந்த சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. அத்தைக்காரிதான் ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை நான் போனபோது பலகையில் ஒரு வில்லை இல்லை. தோம்னா சமையலறையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. நான் மூடவில்லை.

"நான் கேட்டேன், அக்கா. 'அம்மா பூட்ச்சு.' நீ சொல்லிக் குடுத்த வார்த்தை. கரண்ட் பூட்ச்சு, பால் பூட்ச்சு. எனக்குப் புரிஞ்சுது. அந்த ரெண்டு பேருக்கு அது தெரு சத்தம்."

"அவதான் கஸ்தூரின்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"எங்க மூணு பேர்ல எனக்கு மட்டும்தான் தெரியும். அவளைப் பாத்தேன். நிறுத்தவா, கேட்டேன். எங்க பாஷையில. அவ 'நு' சொன்னா."

நு என்றால் வேண்டாம்.

"அப்புறம் தாள்ல அடுத்த கேள்வி. மாத்த முடியாது. அவங்க பாக்கறாங்க. கேட்டேன். 'உன் குடும்பத்தப் பத்திச் சொல்லு.'"

"இன்னா சொன்னா?"

"'மாமா வீட்டுல இருக்காங்க. என் பொண்ணுங்களுக்கு சமைக்கறாங்க. சாயங்காலம் நான் போவேன். மாமா கதவைத் திறப்பாங்க.'" தோம்னா குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு தப்பு இல்ல, அக்கா. அவ எப்பவும் தப்பு பண்ணுவா. அன்னிக்கு ஒரு தப்பு கூட இல்ல."

லாரித் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

"எங்க ஊர்ல வேற பேர்தான் எங்களக் காப்பாத்துச்சு," என்றார். குழாயை மூடினார். பாக்கெட்டில் இருந்து எலெனா வில்லையை எடுத்து ஒரு கவரில் சுற்றினார். மற்றவற்றை நானும் அவரும் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். அடுத்த பேட்ச்சுக்குத் தமிழ்ப் பெயரில் ஆஜர் கூப்பிட்டார். "புவனேஸ்வரி" அவர் வாயில் கடைசிவரை நுழையவில்லை. பெண்கள் சிரித்தார்கள். ஆனால் முன்புபோல் பேசவில்லை. அந்த பேட்ச்சில் தேறியவர்கள் குறைவு. தோம்னா அதைப் பார்த்தார். வில்லைகளைத் திரும்ப எடுக்கவில்லை. ஊருக்குப் போகிற வரை எடுக்கவில்லை.

கஸ்தூரி ருமேனியா போனாள். பிள்ளைகளை அத்தைக்காரி பார்த்துக்கொள்கிறாள். எனக்கு அவ்வப்போது போன் செய்வாள். எடுத்ததும், "யக்கா, கஸ்தூரி பேசறேன்" என்பாள். எனக்கு நம்பர் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாள்.

போன தடவை சொன்னாள். அவள் தைக்கும் வரிசையிலேயே எலெனா என்று ஒருத்தி இருக்கிறாளாம். அந்த ஊரில் சாதாரணப் பெயர். சூப்பர்வைசர் தினமும் கூப்பிடுவாராம்.

"அவர் எலெனான்னு கூவுனா நான் மெஷினை நிறுத்திட்டு எழுந்துக்கறேன்க்கா. எல்லாரும் சிரிக்கறாங்க."

"நீ எதுக்குடி எழுந்துக்கற?"

போனில் மெஷின் நிற்கும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கு எழுந்துக்கலல்ல."

ஷெரின் டீச்சர், வில்லைகளை மாட்டுவது உங்கள் இஷ்டம். பிள்ளைகள் நன்றாகப் பேசுவார்கள். ஆணிகள் பலகையில் அப்படியேதான் இருக்கின்றன. மாட்டினால் கீழே கதவில் உட்காருகிறவளுக்கு எல்லாருடைய சொந்தப் பெயரையும் சொல்லிவிடுங்கள். எலெனா கவரிலேயே இருக்கட்டும்.